சீமைத் தட்டில் சீட்டிப் பூ

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலை ஒன்றில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். பழைய சிற்றிதழ்களைப் பரிமாறிக்கொள்வதில் தொடங்கிய பழக்கம் அது. அண்மையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது கூடத்துக் கண்ணாடி அலமாரியைத் திறந்து, ஒரு தேநீர்ச் செட்டை எடுத்து மேசைமேல் பரப்பினார். ஆறு கோப்பைகள், ஐந்து சாசர்கள், மூக்குவைத்த ஒரு கேத்தல், பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம். எல்லாவற்றிலும் இடைவெளியே இல்லாமல் பூக்கள். ரோஜா, நீலச் சிறுபூ, மஞ்சள் சாமந்தி போன்ற ஒன்று, அவற்றுக்கிடையே கொடி. விளிம்பில் பொன் கோடு. அவருடைய தாத்தா சென்னையில் ஒரு துரை வீட்டில் பட்லராக இருந்தவர். 1947இல் துரை குடும்பம் கப்பலேறியபோது கொடுத்துவிட்டுப் போனதாம்.

சென்னையில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு விலை சொல்லியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், "வித்துடுங்கப்பா. வெள்ளைக்காரன் போட்ட எச்சில் சோறு மாதிரி இதை எதுக்கு வச்சுக் கும்பிடணும்?" என்கிறாள். நண்பருக்கு மனம் வரவில்லை. "வித்துடலாமா சார்?" என்று என்னிடம் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் ஒரு கோப்பைகூட உடையாமல் இருப்பது எப்படி என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஊர்ல யாரும் எங்க வீட்டுல வாங்கிக் குடிக்க மாட்டாங்க. நாங்க அலுமினியத் தம்ளர்ல குடிப்போம். அப்புறம் எப்படி உடையும்?"

விற்பதா வேண்டாமா என்பதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஆனால் மகள் சொன்னது மனதில் தங்கிவிட்டது. நம்மிடையே இம்மாதிரிப் பொருட்களைக் குறித்து இரண்டே மனநிலைகள்தான் இருக்கின்றன. ஒன்று, சீமைச் சாமான் என்றாலே அதில் ஓர் உயர்ந்த ரசனை இருப்பதாக நினைத்து உருகுவது. மற்றொன்று, அடிமைக்காலத்தின் மிச்சம் என்று அருவருப்பது. இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. அந்தப் பூக்கள் இங்கிலாந்தின் பூக்கள் என்று இருவருமே நம்புகிறார்கள்.

பீங்கானைப் பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள். நண்பரின் சாசருக்கு அடியில் நிறுவனத்தின் முத்திரை அச்சாகியிருந்தது. அதன் கீழே 'மேட் இன் இங்கிலாந்து' என்ற சொற்கள். பக்கத்தில் தூரிகையால் எழுதிய ஓர் எண், அது பூ வடிவத்தின் எண். அமெரிக்காவில் இறக்குமதியாகும் பொருட்களில் பிறப்பிட நாட்டின் பெயர் இருக்கவேண்டும் என்று 1890இல் சட்டம் வந்து மறு ஆண்டே நடைமுறையானது. அதற்குப் பிறகுதான் 'இங்கிலாந்து' என்ற சொல் இத்தட்டுகளின் அடியில் வழக்கமாக ஏறியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு என்று கொள்ளலாம். நூறு வயதானால்தான் பழம்பொருள் என்பது வியாபாரிகளின் கணக்கு. இந்தச் செட் அந்த வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னாலிருக்கும் விரலின் நிழல் தெரிந்தது. எலும்புப் பீங்கான். ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஸ்போட் தொழிற்சாலையில் 1790களில் உருப்பெற்ற கலவை அது. ஏறத்தாழ பாதி மாட்டெலும்புச் சாம்பல், மீதி வெண்களிமண்ணும் கார்ன்வால் கல்லும். மண்பாத்திரம் எச்சில் பட்டால் தீட்டு, கழுவிப் போகாது என்று பீங்கானை அடுப்படிக்குள் விடாத ஆசாரக் குடும்பங்களுக்கு இந்தச் சாம்பல் விவரமும் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ.

பூக்களுக்கு வருகிறேன். இப்படி இடைவெளியில்லாமல் பூ நிறைக்கும் வடிவத்துக்கு ஆங்கிலப் பீங்கான்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'சிண்ட்ஸ்'. 1920களிலும் 30களிலும் ராயல் விண்டன் முதலான நிறுவனங்கள் இதைக் கப்பல் கப்பலாக உலகெங்கும் அனுப்பின. ராயல் விண்டனுடையவை சுட்ட மண்ணால் ஆனவை. ஷெல்லி போன்றவர்கள் எலும்புப் பீங்கானிலேயே செய்தார்கள். பூக்கள் தாளில் அச்சாகிவரும். அந்தத் தாளைக் கோப்பையின் வளைவுக்கு ஏற்ப வெட்டி ஒட்டுவார்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தால் தாள் சேர்ந்த இடத்தில் ஒரு ரோஜா பாதியில் நின்றுபோயிருப்பதைக் காணலாம். நண்பர் வீட்டுக் கேத்தலிலும் அப்படி ஓர் அரை ரோஜா இருக்கிறது.

சிண்ட்ஸ் என்பது நம் சீட்டிதான். சீட்டிப் பாவாடை என்று நம் பாட்டிகள் சொன்ன அதே சீட்டி. புள்ளி தெளித்தது, வண்ணம் தெளித்தது என்ற பொருளுடைய 'சீண்ட்' என்ற வடநாட்டுச் சொல் ஒருபுறம் தமிழில் சீட்டியாகவும் மறுபுறம் ஆங்கிலத்தில் சிண்ட்ஸாகவும் ஆயிற்று. பூ எழுதிய பருத்தித் துணிக்கு இங்கிருந்து போன பெயர், துணியைவிட்டு இறங்கி, தட்டின்மேல் ஏறிக்கொண்டது. பீங்கான் என்ற சொல்லோ எதிர்த்திசையில் வந்தது. மலாயிலும் சிங்களத்திலும் அதன் உறவுச் சொற்கள் இன்றும் தட்டைக் குறிக்கின்றன. பாரசீகத்திலும் அதற்கு ஓர் உறவு உண்டு. சாமான் எந்தக் கடலில் வந்ததோ அதே கடலில் பெயரும் வந்தது.

அந்தத் துணி ஏறிப்போன துறைமுகங்களில் ஒன்று, நண்பர் வீட்டிலிருந்து பொன்னேரி வழியாகப் போனால் வந்துவிடும் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஜாதிக்காயும் கிராம்பும். ஆனால் மலுக்குத் தீவுகளில் அவற்றை விற்றவர்கள் சோழமண்டலத் துணியைத்தான் விரும்பிக் கேட்டார்கள். ஆக, வாசனைச் சரக்கு வாங்கத் துணி. துணி வாங்கப் பழவேற்காடு. மலேசியாவில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பழவேற்காட்டின் பெயர் அங்கே இடுப்பில் நிற்கிறது. ஆங்கிலேயர்களும் 1620களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் டச்சுக்காரர்களோடு அங்கே ஒண்டிக்கிடந்து, சரிப்படாமல் ஆர்மகான் போய், 1639இல் மதராசப்பட்டினம் வந்து சேர்ந்தார்கள். பூத்துணிக்கான தேடல் இல்லாவிட்டால் சென்னை இந்த இடத்தில் இருந்திருக்காது என்று சொன்னால் மிகையாகாது. இதே பழவேற்காட்டிலிருந்து பஞ்ச காலங்களில் மனிதர்களும் அடிமைகளாகப் பத்தேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறைத் தோட்டத்து வாசல் சிற்பங்களைப் படமெடுக்கப் போகிறவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

பூவை எப்படி எழுதினார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். முதலில் துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாமல் பிடித்துவைக்கும். துளையிட்ட தாளின்மேல் கரித்தூளைத் தட்டிக் கோட்டைத் துணியில் இறக்குவார்கள். மூங்கில் குச்சியில் மயிரையோ துணியையோ உருண்டையாகச் சுற்றிய எழுதுகோல். இரும்புத் துண்டுகளை ஊறவைத்த புளிப்பு நீரால் கருங்கோடு. சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீர். அதற்கு நிறமே இல்லை. பிறகு சாயவேரில் கொதிக்கவைக்கும்போது, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். சித்த வைத்தியர்கள் இம்பூறல் என்று சொல்லும் செடியின் வேர்தான் இந்தச் சாயவேர்; கடற்கரை மணலில் விளைந்தது. நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்கவேண்டும். கடைசியில் நீலத்தின்மேல் மஞ்சளைப் பூசினால் பச்சை. இந்த மஞ்சள் மட்டும் உறுதியற்றது. இரண்டு நூற்றாண்டுகளில் அது போய்விட்டது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழமண்டலத் துணிகளில் இலைகள் நீலமாக இருப்பது அதனால்தான். நண்பர் வீட்டுக் கோப்பையில் இலை இன்றும் பச்சையாகவே இருக்கிறது. பீங்கானில் பச்சை என்பது செம்பு போன்ற உலோகத்திலிருந்து வருவது. கண்ணாடிப் பூச்சோடு சேர்ந்து சூளையில் உருகி உட்கார்ந்துவிடும். பழைய ஆங்கிலப் பீங்கானின் ரோஜா நிறத்துக்குப் பொன்னையே கரைத்திருக்கிறார்கள்.

துணியில் எழுதும் இந்த வித்தையை 1742இல் பாதிரியார் கேர்து என்ற பிரெஞ்சு ஏசுசபைக்காரர் படிப்படியாகக் குறிப்பெடுத்து ஐரோப்பாவுக்குக் கடிதமாக அனுப்பினார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்கள் சொல்லித்தந்தார்கள். கடிதம் அச்சேறியது, பாதிரியாரின் பெயர் நிலைத்தது. சொல்லித்தந்தவர்களின் பெயர் அதில் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் 'எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்' என்ற வழக்கமான மார்தட்டலாக இந்தக் கட்டுரை முடிந்துவிடும். அந்தத் துணியின் பூ முழுக்க நம்முடையதும் அல்ல. 1643இலேயே கம்பெனியின் இயக்குநர்கள் லண்டனிலிருந்து சூரத்துக்கு எழுதினார்கள்: சிவப்புத் தரை இங்கே விற்பதில்லை, வெள்ளைத் தரையில் நடுவே பூவும் கொடியும் வரும்படி அனுப்புங்கள் என்று. பிறகு லண்டனிலிருந்தே மாதிரிகள் வந்தன. அந்த மாதிரிகளில் சீனமும் பாரசீகமும் ஆங்கிலத் தையல்வேலையும் கலந்திருந்தன. அவற்றைப் பார்த்து எழுதிய நம் சாயக்காரர், தான் கண்டறியாத பூவைத் தனக்குத் தெரிந்த வளைவுகளால் நிரப்பினார். அந்தத் துணிகளில் ஒரே மரத்தில் பத்து வகைப் பூ பூக்கிறது. தாவரவியலாளர் யாரும் அந்த மரத்தைக் கண்டதில்லை. திருவள்ளூரிலும் அது இல்லை, டெவன்ஷயரிலும் இல்லை. கடல்மேல் முளைத்த மரம் என்றுதான் சொல்லவேண்டும்.

அந்தத் துணியின்மேல் லண்டன் கொண்ட மோகமும் வெறுப்பும் தனிக்கதை. 1719இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் பூத்துணி உடுத்திய பெண்களைத் தெருவில் மறித்து ஆடையைக் கிழித்தார்கள், திராவகம் ஊற்றினார்கள். அவர்கள் பிழைப்பு போய்க்கொண்டிருந்தது. கோபம் யார்மேல் இறங்கியது என்பதுதான் கொடுமை. 1700ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதித் துணியை உள்நாட்டில் விற்கத் தடுத்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அச்சிட்ட பருத்தியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் தடைசெய்தது. மறு ஆண்டுக் கிறிஸ்துமஸ் முதல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தத் தடை 1774இல்தான் நீங்கியது.

இப்போது ஆங்கிலப் பீங்கான் பிறந்த ஆண்டுகளைப் பாருங்கள். செல்சீ 1745 வாக்கில், டெர்பி 1750 வாக்கில், வூஸ்டர் 1751இல். உடம்பில் பூ உடுத்தக்கூடாது என்றிருந்த அரை நூற்றாண்டில்தான் சாப்பாட்டுத் தட்டில் பூ பூத்திருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நான் வாதிடமாட்டேன். செல்சீயின் பூக்களுக்கு நேரடித் தாய் ஜெர்மனியின் மைசன் பீங்கான். அதற்குத் தாய் சீனமும் ஜப்பானும். செல்சீ தட்டுகளில் சில, அருகிலிருந்த மூலிகைத் தோட்டத்துச் செடிகளின் ஓவியங்களைப் பார்த்து எழுதப்பட்டவை. இலையில் பூச்சி அரித்த ஓட்டையைக்கூட விடாமல் எழுதிய தட்டுகள் அவை. ஆனால் வெள்ளைத் தரையில் வண்ணப்பூ சிதறிக் கிடப்பதே அழகு, அதைத் துவைத்துத் துவைத்துப் பார்க்கலாம், நிறம் போகாது என்ற எதிர்பார்ப்பை ஓர் ஆங்கில இல்லத்தரசியின் கண்ணுக்குப் பழக்கியதில் சோழமண்டலத் துணிக்குப் பெரும்பங்கு உண்டு. சிண்ட்ஸ் என்ற பெயர் பின்னர் தட்டுக்கு ஏறியது வெறும் தற்செயலாக இருக்க முடியாது. அதே சொல்லிலிருந்து மலிவானது, ரசனையற்றது என்ற பொருளில் ஒரு பெயரடையையும் ஆங்கிலம் உண்டாக்கிக்கொண்டது வேறு விஷயம்.

ஆக, மூலம் யாருடையது என்ற கேள்வியில் எனக்கு அக்கறை குறைந்துவிட்டது. உறுத்துவது வேறொன்று. டெர்பியில் பூ எழுதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். ஓவியர்களுக்கு எண் கொடுத்திருந்தார்கள். கணக்குப் புத்தகம் இருந்தது. வில்லியம் பில்லிங்ஸ்லி என்பவர் ரோஜாவை அப்பி எழுதிவிட்டு, ஈரத் தூரிகையால் வண்ணத்தைத் துடைத்தெடுத்து இதழின் ஒளியை வரவழைத்தார் என்பது வரை பதிவாகியிருக்கிறது. வில்லியம் பெக் என்று இன்னொருவர். 1800இல் குவேக்கர் சபையில் சேர்ந்தார். பூ எழுதுவது உலகப்பற்றை வளர்க்கும் பாவம் என்று தோன்றவே தூரிகையை விட்டுவிட்டார். 1813இல் திரும்பிவந்து, ஆளுயர வேகத்தோடு அற்புதமான பூக்களை எழுதினார். 1820இல் மறுபடியும் மனசாட்சி உறுத்த வெளியேறி, சிறு கடை வைத்துப் பிழைத்தார். ஒரு நாவலுக்குப் போதுமான வாழ்க்கை. நம் கரையிலும் அப்படி ஒரு பெக் இருந்திருக்கக்கூடும். எந்த நம்பிக்கைக்காகவோ, எந்தக் கடனுக்காகவோ எழுதுகோலை எறிந்துவிட்டு எழுந்துபோன ஒருவன். ராக்ஸ்பரோவின் 'சோழமண்டலக் கரையின் தாவரங்கள்' என்ற பெருநூல் 1795 முதல் 1820 வரை 300 படங்களோடு வெளிவந்தது. சாயவேர்ச் செடியும் அதில் இருக்கிறது. படங்களை எழுதிய இந்திய ஓவியர்களுக்கு அங்கேயும் பெயர் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் உருளும் முறுக்குக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். சில அடிக்கு ஒருமுறை நிறுவனத்தின் பெயர் கம்பியிலேயே புடைத்து வரும். உலைக்கு முன்னால் நிற்கும் பிகார்காரரின் பெயர் எங்கே வரும் என்று நண்பர் ஒருமுறை கேட்டார். தட்டின் அடி முத்திரையைப் பார்க்கும்போது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வந்தது.

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு பீங்கான் கூடம் உண்டு. கம்பெனியாரும் ஆர்க்காட்டு நவாபும் பயன்படுத்திய தட்டுகளும் கிண்ணங்களும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. நம் பூத்துணியின் சிறந்த மாதிரிகளைப் பார்க்க லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ போகவேண்டும். உள்நாட்டில் என்றால் அகமதாபாத். ஏற்றுமதிக்கென்றே செய்ததால் இங்கே தங்கியது குறைவு. தங்கியதை ஈரக்காற்றும் கரையானும் தின்றன. அவர்களுடைய தட்டு இங்கே, நம்முடைய துணி அங்கே. இந்த ஏற்பாட்டை இனி மாற்ற முடியாது. ஆனால் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு முழத் துணியை வைக்க முடியும். காளஹஸ்தியில் இன்றும் எழுதுகோலால் துணி எழுதுகிறார்கள். ஒரு பகல் பயண தூரம்தான். எழுதியவரின் பெயரைக் கீழே குறிக்கவும் முடியும். பழவேற்காட்டுக் கரையில் மழைக்குப் பிறகு நீலக்கோடு போட்ட பீங்கான் சில்லுகள் கிடைக்கின்றன. நானே இரண்டை எடுத்து வைத்திருக்கிறேன் (எடுத்திருக்கக் கூடாதுதான்). பிள்ளைகள் அவற்றைப் பாண்டி ஆடப் பயன்படுத்துகிறார்கள். பாண்டி ஆடட்டும், ஆனால் அது என்ன சில்லு என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஒருமுறை சொல்லித்தரலாம்.

மகளிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: எச்சில் சோறு என்று சொல்லுமுன் கோப்பையைக் கவிழ்த்துப் பார், பிறகு நிமிர்த்திப் பார். உன் கொள்ளுத்தாத்தா நாற்பது வருஷம் கழுவித் துடைத்த சாமான் இது. அவர் கை பட்ட அளவு துரையின் கை இதில் பட்டிருக்காது. விற்பது உங்கள் விருப்பம். விற்பதானால் யார் வீட்டுச் சாமான், எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதி, தாத்தாவின் பெயரையும் போட்டு அதோடு கொடுங்கள்.

அவள் பதில் சொல்லவில்லை. செட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாயடியில் கழுவும் சத்தம் கேட்டது. நண்பர் சற்றுப் பதறி, "பாத்தும்மா, விளிம்பு" என்றார். பத்து நிமிடத்தில் மூன்று கோப்பைகளில் தேநீர் வந்தது. சாசர் இல்லாத கோப்பை எனக்கு. சூடு தாங்காமல் கைப்பிடியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தேன்.